பெரட்டுக் களத்தில் ஒரு வைரஸ்

அத்தைக்கு உதட்டோரத்தில் மறுபடியும் கொப்புளம். கடுகைத் தூவியது போல் நாலைந்து, ஒரே கொத்தாக. ஒவ்வொரு தடவையும் அதே இடம்தான், இடது ஓரம். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர், உடம்பு தேறுவதற்குள் கோயில் திருவிழாவில் இரண்டு நாள் வெயிலில் நின்று பாத்திரம் கழுவினார். மூன்றாம் நாள் காலையில் உதடு சுருக் சுருக்கென்று குத்துகிறது என்றார். மாலைக்குள் கொப்புளம் எழும்பிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா பல்லி எச்சில் பட்டிருக்கும் என்றார். "பல்லி இல்லை அத்தை, ஹெர்பிஸ் என்று ஒரு வைரஸ். சின்ன வயதிலேயே உங்கள் உடம்புக்குள் வந்திருக்கும். இன்னும் போகவில்லை" என்றேன் நான்.

அத்தை விடவில்லை. "அந்தக் கிருமிக்குக் கையும் இல்ல, காலும் இல்ல, தனியா விட்டா உசுரும் இல்லன்னு நீதானே சொன்ன? அப்புறம் எப்படி இத்தன வருசம் கழிச்சு எந்திரிச்சு வேல பாக்குது?"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். இவ்வளவு சரியான கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அத்தைக்குச் சொன்னதையும், அன்று சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. நம் செல்லின் உட்கருவுக்குள் டிஎன்ஏ இருக்கிறது. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதிய மிக நீளமான ஏடு. ஒரு முழுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு இருக்கும் பகுதியை ஜீன் என்கிறோம். மூல ஏடு உட்கருவை விட்டு வெளியே வராது. தேவைப்படும் ஜீனைப் பார்த்து ஆர்என்ஏவாக ஒரு படி எடுப்பார்கள், அந்தப் படிதான் வெளியே போகும். இதற்குப் படியெடுத்தல் என்று பெயர். பிள்ளைகள் பள்ளியில் மலாயில் டிரான்ஸ்கிரிப்சி என்று படிப்பது இதைத்தான். படியெடுக்கிற நொதி ஆர்என்ஏ பாலிமரேஸ் 2. பன்னிரண்டு துண்டுகள் சேர்ந்த பெரிய இயந்திரம் அது.

ஹெர்பிஸ் வைரஸிடம் இந்த இயந்திரம் கிடையாது. சளியும் கண்வலியும் கொடுக்கிற அடினோ வைரஸிடமும் கிடையாது. இரண்டுமே தங்கள் டிஎன்ஏவை நம் உட்கருவுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, நம் பாலிமரேஸை வைத்தே படியெடுத்துக்கொள்கின்றன. டெங்கியும், 1998 கடைசியில் இங்கே பேராக்கில் பன்றிப் பண்ணைகளில் தலைகாட்டிப் பிறகு நெகிரி செம்பிலானுக்குப் பரவிய நிப்பாவும் வேறு வகை. அவை ஆர்என்ஏ வைரஸ்கள். சொந்தப் பாலிமரேஸ் வைத்திருப்பதால் படியெடுக்க நம் உட்கருவைத் தேடிப் போக வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடலாம்.

சரி, பாலிமரேஸ் நம்முடையது, டிஎன்ஏ வைரஸுடையது. வந்தேறிய ஏட்டில் இந்த இடத்திலிருந்து படியெடு என்று பாலிமரேஸுக்குச் சொல்வது யார்?

அத்தை இருபது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது செம்பனை. என் மாணவர்களில் பாதிப் பேருக்குப் பெரட்டு என்ற சொல்லே தெரியாது. விடிவதற்கு முன்னால், இருட்டோடு இருட்டாகத் தொழிலாளர்கள் எல்லாரும் ஓரிடத்தில் வந்து நிற்பார்கள். பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை, அதாவது எந்த மர வரிசை, என்று கங்காணி சொல்வார். அதுதான் பெரட்டு. கையில் கத்தி இருக்கும், வெட்டத் தெரியும், உடம்பில் தெம்பும் இருக்கும். ஆனாலும் பேர் கூப்பிடாமல் ஒருவரும் நிரைக்குள் கால் வைக்க முடியாது.

பாலிமரேஸ் 2 அப்படிப்பட்ட தொழிலாளி. வேகமாகப் படியெடுக்கும், ஆனால் எங்கே தொடங்குவது என்று தானாகத் தெரியாது. ஜீனுக்குச் சற்று முன்னால் இருக்கும் டிஎன்ஏ பகுதிக்குப் புரோமோட்டர் என்று பெயர். அதைப் பெரட்டுக் களம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குறிப்பிட்ட எழுத்துகளைப் பார்த்துப் பற்றிக்கொண்டு நிற்கும் புரதங்கள்தான் கங்காணிகள்.

இதைக் கண்டுபிடித்ததே ஒரு வைரஸ் புரோமோட்டரை வைத்துத்தான். 1979-ல் அமெரிக்காவில் ராபர்ட் ரோடரின் ஆய்வகத்தில், சுத்தம் செய்து எடுத்த பாலிமரேஸ் 2-ஐ அடினோ வைரஸின் டிஎன்ஏவோடு சோதனைக் குழாயில் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த இரண்டை மட்டும் வைத்தால் படி சரியான இடத்தில் தொடங்கவில்லை. மனித செல்லை உடைத்து எடுத்த சாற்றைக் கொஞ்சம் சேர்த்ததும் படி மிகச் சரியான எழுத்திலிருந்து தொடங்கியது. தேவையான கங்காணிகள் அந்தச் சாற்றில் இருந்திருக்கிறார்கள். அவர்களை ஒவ்வொருவராகப் பிரித்தெடுக்க அதற்குப் பிறகு பல வருடங்கள் ஆயின. அந்தச் சோதனைக்கு அடினோ வைரஸின் புரோமோட்டர் வசதியாக அமைந்ததற்குக் காரணம் அது மிகவும் வலுவானது. நோய்த்தொற்றின் பிற்பகுதியில் வைரஸ் படியெடுப்பதில் பெரும்பங்கு அந்த ஒரே களத்திலிருந்துதான் நடக்கிறது.

அந்தப் புரோமோட்டரைக் கிட்டத்தில் பார்ப்போம். படி தொடங்கும் இடத்திலிருந்து சுமார் 30 எழுத்து முன்னால் டி-ஏ-டி-ஏ என்று தொடங்கும் ஒரு சிறு சொல் இருக்கிறது. டாட்டா பெட்டி என்பார்கள். நம்முடைய ஜீன்கள் பலவற்றிலும் இதே சொல் இதே தூரத்தில் இருக்கும். டாட்டா பற்றுப் புரதம் என்ற ஒன்று குதிரைச் சேணம் போல வந்து அதன் மேல் உட்காரும். உட்கார்ந்ததும் டிஎன்ஏவை ஏறத்தாழ 80 டிகிரி மடக்கிவிடும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை முழங்காலில் வைத்து மடக்கினால் எப்படி இருக்கும், அந்த அளவுக்கு. 1993-ல் இதன் படிக வடிவம் முதன்முதலில் வெளியானபோதுதான் அந்த வளைவு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. வளைந்த இடம் தொலைவிலிருந்தே தெரியும் அடையாளம் மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்தடுத்த உதவிப் புரதங்கள் அங்கே வந்து ஒட்டுகின்றன, அவற்றின் மேல் பாலிமரேஸ் வந்து அமர்கிறது. கடைசியாக வரும் ஒரு புரதக் கூட்டம் தொடக்க இடத்தில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் பிரித்துத் திறக்கிறது. பாலிமரேஸின் வாலில் பாஸ்பேட் முத்திரை குத்துகிறது. முத்திரை விழுந்ததும் பாலிமரேஸ் களத்தை விட்டுக் கிளம்பி நிரைக்குள் இறங்கிவிடும்.

இங்கே அத்தை குறுக்கிட்டார். "எழுத்தைப் பாத்துப் பிடிக்குதுன்னு சொல்றியே, கண்ணு ஏது அதுக்கு?"

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். டிஎன்ஏ ஒரு முறுக்கிய கயிறு. அதன் எழுத்துகள் உள்பக்கமாகத் திரும்பி ஜோடி சேர்ந்திருக்கும். ஆனால் முறுக்கிய கயிற்றில் பள்ளம் விழும் அல்லவா, அது போல டிஎன்ஏவிலும் நீளமாக ஒரு பெரிய பள்ளமும் ஒரு சிறிய பள்ளமும் ஓடுகின்றன. அந்தப் பள்ளத்தின் அடியில் ஒவ்வொரு எழுத்து ஜோடியின் விளிம்பும் தெரியும். ஏ இருக்கும் இடத்தில் ஒரு மாதிரி மேடு பள்ளம், ஜி இருக்கும் இடத்தில் வேறு மாதிரி. கயிற்றைப் பிரிக்காமலேயே பள்ளத்தில் விரலை விட்டுத் தடவினால் எழுத்து தெரிந்துவிடும். டாட்டா பற்றுப் புரதம் சிறிய பள்ளத்தைத் தடவுகிறது. பெரும்பாலானவை பெரிய பள்ளத்தைத்தான் தடவும்.

இதை அத்தைக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. நெற்றி விளக்கு மங்கிய நாட்களில் மரத்தை எப்படி வெட்டினீர்கள் என்று கேட்டேன். கையை நீட்டி, பட்டையில் முந்தைய நாள் வெட்டு விட்ட கோட்டைக் கட்டைவிரலால் தேடுவது போலக் காற்றில் தடவிக் காட்டினார். "இங்க ஆரம்பம்னு விரலுக்குத் தெரியும். கண்ணு எதுக்கு?" என்றார்.

அந்த வேலைக்கு விரல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எஸ்பி1 என்று ஒரு புரதம். அதில் துத்தநாக விரல் என்ற அமைப்பு மூன்று இருக்கிறது. ஒரு துத்தநாக அணுவைச் சுற்றி மடிந்து விறைப்பாக நிற்கும் சின்ன மடிப்பு ஒவ்வொன்றும். ஒரு விரல் ஏறக்குறைய மூன்று எழுத்தைத் தடவிப் படிக்கும். எஸ்பி1 தேடுவது ஜி-ஜி-ஜி-சி-ஜி-ஜி என்பது போன்ற சொல்லை. எஸ்வி40 என்ற குரங்கு வைரஸின் புரோமோட்டரில் இந்தச் சொல் ஆறு முறை அடுத்தடுத்து எழுதியிருக்கிறது. 1983-ல் வில்லியம் டைனனும் ராபர்ட் ஜியானும் எஸ்பி1 அந்த இடத்தில் போய் உட்காருவதைக் காட்டினார்கள்.

உட்கார்ந்ததை எப்படிப் பார்ப்பது? மழை பெய்து ஓய்ந்ததும் நின்றிருந்த லாரியை எடுத்தால் அதன் அடியில் மட்டும் தரை காய்ந்திருக்கும். லாரியையே பார்க்காதவர்கூட அங்கே லாரி நின்றது என்று சொல்லிவிடலாம். அது போல டிஎன்ஏவைத் துண்டு துண்டாக வெட்டும் ஒரு நொதியைக் கொஞ்சமாக விடுவார்கள். புரதம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மட்டும் வெட்டு விழாது. அந்தக் காய்ந்த இடம்தான் புரதத்தின் காலடித் தடம்.

எஸ்பி1 வைரஸுக்காகப் பிறந்த புரதம் அல்ல. நம் செல்லின் சொந்த ஜீன்கள் எத்தனையோவற்றில் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்றாடம் உழைக்கிறது. வைரஸ் தன் ஏட்டின் தலைப்பில் அந்தச் சொல்லை ஆறு தரம் எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நம் கங்காணிக்கு அது யார் ஏடு என்று தெரியாது.

ஒரு சந்தேகம் வர வேண்டும் இங்கே. ஆறு எழுத்துச் சொல் என்பது மிகச் சின்னது. நான்கு எழுத்துகளை வைத்து 4,096 விதமான ஆறெழுத்துச் சொற்கள் எழுதலாம். அதாவது ஏதாவது ஒரு குறிப்பிட்ட சொல் சராசரியாக 4,096 எழுத்துக்கு ஒரு முறை சும்மாவே வந்துவிடும். 300 கோடி எழுத்துள்ள ஏட்டில் ஏழு லட்சம் இடத்துக்கு மேல். அத்தனை இடத்திலும் படியெடுக்கத் தொடங்கினால் செல் என்ன ஆகும்?

அதனால்தான் ஒரே ஒரு புரதம் பிடித்தால் போதாது என்ற ஏற்பாடு. அடினோ வைரஸின் களத்தில் டாட்டா பெட்டிக்கும் முன்னால், தொடக்கத்திலிருந்து சுமார் 60 எழுத்து தள்ளி, சி-ஏ-சி-ஜி-டி-ஜி என்று ஒரு சொல் இருக்கிறது. விகடகவி போல இதுவும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஒரு இழையில் ஒரு திசையில் படித்தாலும், எதிர் இழையில் எதிர்த் திசையில் படித்தாலும் அதே சொல் வரும். யுஎஸ்எஃப் என்ற புரதம் எப்போதும் ஜோடியாகவே வந்து, ஆளுக்குப் பாதியாக இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். டாட்டாவில் ஒரு புரதம், இங்கே ஒரு ஜோடி, இடையில் சரியான தூரம். இத்தனையும் பொருந்தி வரும் இடம் அபூர்வம். போதாததற்கு, நம் டிஎன்ஏவில் பெரும்பகுதி ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு உருண்டைக்கு 147 எழுத்து ஜோடிகள். சுற்றிக் கட்டிய இடத்தில் விரல் நுழைவது கஷ்டம்.

கங்காணி என்று நான் சொல்லும்போதெல்லாம் அத்தையின் முகம் லேசாகச் சுருங்கியதைக் கவனித்தேன். அவருக்கு நினைவு வருவது திட்டும் அதட்டலும். இந்த உவமை அந்த இடத்தில் பொருந்தாது என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்தப் புரதங்களுக்கு அதிகாரம் கிடையாது, நோக்கமும் கிடையாது. உட்கருவுக்குள் அங்குமிங்கும் முட்டி மோதிக்கொண்டே இருக்கும். டிஎன்ஏவில் ஒட்டும், கொஞ்சம் வழுக்கும், விட்டுவிடும். பொருந்துகிற சொல் கிடைத்தால் கூடுதல் நேரம் ஒட்டியிருக்கும். அந்தக் கூடுதல் நேரமும் பல புரதங்களுக்குச் சில விநாடிகள்தான். அதற்குள் பக்கத்தில் இன்னொன்று வந்து தாங்கிக்கொண்டால் இரண்டும் நிலைக்கும். அவற்றில் ஒட்டிக்கொண்டு பாலிமரேஸும் வரும்.

இப்போது அத்தையின் உதட்டுக்கு வரலாம்.

ஹெர்பிஸ் வைரஸின் ஏட்டில் ஒன்றரை லட்சம் எழுத்துக்குச் சற்று மேல் இருக்கிறது. அத்தனை ஜீனும் ஒரே நேரத்தில் படியெடுக்கப்படுவதில்லை. முதலில் ஐந்தே ஐந்து. இந்த ஐந்தின் புரோமோட்டர்களில் டி-ஏ-ஏ-டி-ஜி-ஏ என்று தொடங்கும் ஒன்பது எழுத்துச் சொல் ஒன்று எழுதியிருக்கிறது. அதைப் பிடிப்பது ஆக்ட்-1 என்ற நம் சொந்தப் புரதம். ஆனால் ஆக்ட்-1 மட்டும் உட்கார்ந்தால் பெரிதாக எதுவும் நடக்காது. நம் உடம்பில் எத்தனையோ இடத்தில் அது அப்படி அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

எஸ்வி40 சொல்லை மட்டும் எழுதி வைத்தது. ஹெர்பிஸ் கூடவே ஒரு ஆளையும் அனுப்புகிறது. வைரஸின் மேலுறைக்கும் உள்கூட்டுக்கும் இடையே விபி16 என்ற புரதம் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். செல்லுக்குள் வைரஸ் நுழைந்ததும் இது கழன்று வரும். விபி16-ஆல் தனியாக டிஎன்ஏவை உறுதியாகப் பிடிக்க முடியாது. முதலில் ஹெச்சிஎஃப்-1 என்ற நம் புரதத்தோடு கை கோத்துக்கொள்ளும். அதன் துணையோடு உட்கருவுக்குள் போய், ஏற்கெனவே அந்தச் சொல்லில் உட்கார்ந்திருக்கும் ஆக்ட்-1-ன் தோளில் ஏறிக்கொள்ளும். மூன்றும் டிஎன்ஏவும் சேர்ந்தால்தான் பிடி இறுகும். பிடி இறுகியதும் விபி16-ன் வால் பகுதி பாலிமரேஸின் உதவிப் புரதங்களைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த வாலின் இழுப்பு அவ்வளவு பலமானது. 1988-ல் மார்க் டாஷ்னியின் ஆய்வகம் அதைக் கழற்றி ஈஸ்டிலிருந்து எடுத்த ஒரு டிஎன்ஏ பற்றும் புரதத்தில் ஒட்டிவைத்தது. ஒட்டியதும் அந்தப் புரதம் உட்காரும் இடத்திலெல்லாம் படியெடுத்தல் மும்முரமாக நடந்தது. இன்றும் ஆய்வகங்களில் ஒரு ஜீனை முடுக்கிவிட வேண்டுமென்றால் அந்த வாலைத் தேடுபவர்கள் உண்டு.

முதல் ஐந்து ஜீன்களில் ஒன்று செய்யும் புரதமே டிஎன்ஏவைப் பற்றும் இன்னொரு கங்காணி. அது அடுத்த வரிசை ஜீன்களைத் திறந்துவிடும். அப்புறம் அதற்கடுத்த வரிசை. முடிவில் புது வைரஸ்கள் வெளியேறும், செல் சாகும், உதட்டில் கொப்புளம்.

முதல் தொற்று இப்படித்தான். ஆனால் உதட்டிலிருந்து சில வைரஸ்கள் நரம்பின் நுனிக்குள் நுழைந்து, அதன் வழியே மேலே ஏறி, மண்டைக்குள் நரம்பு செல்கள் கூட்டமாக இருக்கும் ஒரு முடிச்சுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அது நீண்ட பயணம். வைரஸின் உள்கூடு போய்ச் சேரும் இடத்துக்கு விபி16 போதிய அளவில் உடன் போவதில்லை என்பது பொதுவான கருத்து. ஹெச்சிஎஃப்-1 இந்த நரம்பு செல்களில் பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியேதான் இருக்கிறது என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டின. ஆளும் இல்லை, துணையும் இல்லை. செல் அந்த அந்நிய டிஎன்ஏவை ஹிஸ்டோன் உருண்டைகளில் சுற்றிக் கட்டிப்போட்டுவிடுகிறது. அந்த ஐந்து ஜீன்களும் மௌனம். எழுத்து அழியவில்லை, படிப்பார் இல்லை.

காய்ச்சல், கடும் வெயில், உடல் அலுப்பு, மனக்கஷ்டம் வந்தால் நரம்பு செல்லுக்குள் நிலைமை மாறும். ஹெச்சிஎஃப்-1 உட்கருவுக்குள் நகரும், கட்டு அவிழும், சில செல்களில் மறுபடி படியெடுத்தல் தொடங்கும். புது வைரஸ் ஏறி வந்த அதே நரம்பின் வழியே இறங்கும். இடது பக்க முடிச்சிலிருந்து இறங்குவது இடது உதட்டுக்குத்தான் வரும். அத்தைக்கு ஒவ்வொரு தடவையும் அதே ஓரம் வருவது இதனால்தான்.

இதை வகுப்பில் சொன்ன அன்று ஒரு பையன், "டீச்சர், அப்படின்னா ஹெப்படைடிஸ் பி மட்டும் ஏன் ஈரலைத் தேடிப் போகுது?" என்று கேட்டான். நுழையும் வாசல் கல்லீரல் செல்லில்தான் அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் இந்தக் கட்டுரையின் விஷயம். அந்த வைரஸின் புரோமோட்டர்களில் எழுதியிருக்கும் சொற்களைப் படிக்கத் தெரிந்த ஹெச்என்எஃப்4 முதலான புரதங்கள் கல்லீரலில்தான் மிகுதியாக இருக்கின்றன. தோல் செல்லில் அந்த ஏட்டைக் கொண்டுபோய் வைத்தாலும் வாசிக்க ஆள் போதாது. மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள், அதனால் என் மாணவர்கள் எல்லாரும் போட்டுக்கொண்டவர்கள்தான். எச்ஐவியும் கிட்டத்தட்ட இதே கதை. நோய் எதிர்ப்பு செல் விழித்தெழும்போது உட்கருவுக்குள் ஓடிவரும் என்எஃப்-கப்பா பி என்ற புரதத்தின் சொல்லை அது தன் தலைப்பில் எழுதி வைத்திருக்கிறது. நாம் எதிர்க்கக் கிளம்பும் அதே நேரத்தில் அதுவும் கிளம்பும்.

"அப்ப மருந்து இல்லையா?" என்றார் அத்தை. உண்டு. அசைக்ளோவிர் களிம்போ மாத்திரையோ ஆரம்பத்திலேயே எடுத்தால் கொப்புளம் சீக்கிரம் அடங்கும். ஆனால் அது தடுப்பது வைரஸ் தன் டிஎன்ஏவைப் பெருக்கும் கட்டத்தை. நரம்பு முடிச்சில் தூங்கும் டிஎன்ஏ எதையும் பெருக்குவதில்லை, அதனால் மருந்து அதைத் தொடாது. மாமாவுக்கு விலாவில் வந்த அக்கியும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ்தான் என்றேன். சின்ன வயதில் சின்னம்மையாக வந்து நரம்பில் தங்கியது.

"எனக்கு இது யாருகிட்டேருந்து வந்திருக்கும்?"

"கொப்புளம் இருந்த யாரோ கொஞ்சியிருப்பார்கள் அத்தை. கொப்புளத்து நீரில் வைரஸ் நிறைய இருக்கும். காயும் வரை ஒரே கோப்பையில் குடிக்கக் கூடாது. பச்சைக் குழந்தை பக்கத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதுகளுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம்."

பேசிக்கொண்டிருக்கும்போதே பேத்தி ஓடி வந்து மடியில் ஏறினாள். முத்தத்துக்குக் கன்னத்தைக் காட்டினாள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் தலையை மட்டும் தடவிக்கொடுத்தார்.